டயலா, பக்கிளா? பனிச்சறுக்கு பூட் கேள்வி பதில்

கே: போவா டயல், அதாவது திருப்பினால் கேபிளை இழுத்து இறுக்கும் குமிழ், வைத்த பூட்டில் பக்கிளே (நெம்பி மாட்டும் கொக்கி) இருக்காதா?

ப: இருக்கும். 2023-24 பருவத்தில் அட்டாமிக், சாலமன், கே2, ஃபிஷர் இறக்கியவற்றில் புறங்கால் மேலுள்ள இரண்டு கீழ் பக்கிள்கள் போய் அங்கே ஒரு டயல் வந்தது. கணுக்காலுக்கு மேலே காலைச் சுற்றும் கஃப்பில் இரண்டு பக்கிளும் உச்சியிலுள்ள பவர் ஸ்ட்ராப் பட்டையும் அப்படியே. கஃப்புக்கும் டயல் வைத்தவை பிறகு வந்தன. அழுத்திவிட்டு முன்பக்கம் திருப்பினால் இறுகும். பின்பக்கம் திருப்பினால் சிறிது சிறிதாகத் தளரும். வெளியே இழுத்தால் மொத்தமாக விடும்.

கே: எனக்குப் புறங்கால் உயரம். இரண்டாவது பக்கிளைப் போட்ட பத்து நிமிடத்தில் கால் மரத்துவிடுகிறது. டயல் தீர்க்குமா அண்ணா?

ப: தீர்க்கலாம், ஆனால் முதலில் ஒரு சோதனை. கீழ் பக்கிள்களைப் போடாமலே பத்து நிமிடம் நில்லுங்கள். அப்போதும் மரத்தால் குற்றம் பக்கிளில் இல்லை, ஷெல்லின் (வெளிக்கூடு) கூரை உங்கள் காலுக்குத் தாழ்வு. எந்த கேபிளும் கூரையை உயர்த்தாது. லைனருக்கு (உள்ளே இருக்கும் மெத்தை உறை) அடியில் கிடக்கும் பூட் போர்டு என்ற பலகையை எடுத்து இரண்டு மூன்று மி.மீ. இழைத்துவிடச் சொல்லுங்கள், பல பேருக்கு அதுவே போதும்.

பக்கிள் போட்டால் மட்டுமே மரக்கிறதா? அப்படியானால் டயலுக்கு வேலை இருக்கிறது. பக்கிள் ஷெல்லின் மடிப்பை ஓரிடத்தில் பிடித்து இழுக்கிறது. புறங்காலில் நரம்பும் ரத்தக்குழாயும் எலும்பின் மேலேயே ஓடுகின்றன, இடையில் சதைப்பற்று கிடையாது. அழுத்தம் அங்கே குவிந்தால் மரக்கத்தான் செய்யும். கேபிள் வழிகாட்டிகளுக்குள் நழுவி ஓடுவதால் இழுவிசை நீளவாக்கில் பரவிவிடுகிறது.

பூட்டும் வரிசையும் முக்கியம். குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளுங்கள், கஃப் பக்கிள்களை முதலில் போடுங்கள், முழங்காலை முன்னுக்கு மடக்கி நாலைந்து முறை அழுத்துங்கள். டயல் அதற்குப் பிறகுதான். குதிகால் அதற்கான குழியில் உட்காருமுன் புறங்காலை இறுக்கினால் கால் முன்னால் நின்றபடியே மாட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு திருப்பினாலும் குதிகால் தூக்கும்.

கே: டயல் இருந்தால் ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாமா? இறுக்கிக்கொள்ளலாமே?

ப: கூடாது. லைனரை உருவிவிட்டு வெறும் ஷெல்லுக்குள் காலை விடுங்கள். விரல்கள் முன்சுவரை லேசாகத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. இடைவெளி இருக்கட்டும். மூன்று என்றால் பெரிய ஷெல். கேபிள் அகலத்தையும் உயரத்தையும் குறைக்கும், நீளத்தைக் குறைக்காது. பெரும்பாலான பிராண்டுகளில் 26 சைஸுக்கும் 26.5 சைஸுக்கும் ஷெல் ஒன்றே என்பதையும் நினைவில் வையுங்கள்.

கே: ஒரே கேபிள் என்றால் விரல் பக்கம் தளர்வாகவும் புறங்கால் இறுக்கமாகவும் வைக்க முடியாதே. சீரான அழுத்தம் என்பதெல்லாம் விளம்பரம்.

ப: முதல் பாதி சரி. தனித்தனி மண்டலம் போய்விடுகிறது. ஆனால் நான்கு பக்கிள் பூட்டில் விரல் பக்கத்து பக்கிள் என்ன வேலை செய்கிறது? மடிப்பை மூடிப் பனி புகாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதை இறுக்குபவர்தான் விரல் குளிர்கிறது என்று அடுத்த கேள்வி கேட்பார்.

கே: (அதே நண்பர்) 80-களின் பின்திறப்பு பூட்டிலும் கேபிள் இருந்தது. ஏன் ஒழிந்தது? இதுவும் ஒழியும்.

ப: இந்த ஒப்பீடு எல்லா இடத்திலும் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாலமன் எஸ்எக்ஸ் போன்ற பின்திறப்பு பூட்டில் முன்பக்க ஷெல் ஒரே மூடிய கூடு. உள்ளே ஓடிய கேபிள் புறங்காலைக் கீழே அழுத்திப் பிடித்தது. ஷெல் மட்டும் காலைச் சுற்றி ஒடுங்கவே இல்லை. கால் உள்ளே அசைந்தால் ஸ்கீக்குப் போகும் கட்டளை தாமதமாகிறது. இன்றைய டயல் பூட் ஒன்றன்மேல் ஒன்று மடியும் அதே பழைய இரட்டை மடிப்பு ஷெல். மாறியிருப்பது இழுக்கும் கருவி மட்டும். டயலைக் குறை சொல்ல வேறு நல்ல காரணங்கள் உண்டு: விலை கூடுதல், கையுறையோடு பல சுற்று திருப்ப வேண்டும், பக்கிளை ஒரே தட்டில் திறக்கலாம். அவற்றைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

கே: பழைய பூட்டில் டயல் பொருத்தலாமா?

ப: முடியாது. மடிப்பின் வடிவமும் வழிகாட்டிகளின் இடமும் அச்சிலேயே வேறு.

கே: மலை மேலே கேபிள் அறுந்தால்?

ப: கஃப் பக்கிளை இறுக்கிக்கொண்டு மெதுவாக இறங்கிவிடலாம். நைலான் பூசிய எஃகு இழை எளிதில் அறாது, ஸ்கீ விளிம்பு பட்டால்தான் ஆபத்து. பிசிறு தெரிந்ததுமே மாற்றுங்கள். டயலுக்கும் கேபிளுக்கும் பூட்டின் ஆயுள் முழுக்க உத்தரவாதம் உண்டு. உதிரிப்பெட்டி டயல் மாடலுக்கு ஏற்ப மாறும். கழற்றுமுன் கேபிள் ஓடும் வழியைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். டயலுக்குள் பனி உறைந்தால் அழுத்தி இழுத்து, அழுத்தி இழுத்து உதிர்த்துவிடுங்கள். கோலால் தட்டாதீர்கள்.

கே: வெளிப்பக்க எலும்பு இடிக்கிறது. ஷெல்லைச் சூடாக்கி அந்த இடத்தை வெளியே தள்ளும்போது டயல் கெடாதா?

ப: டயலையும் கேபிளையும் கழற்றிவிட்டுச் செய்தால் கெடாது.

கே: எந்த பிராண்ட் நல்லது?

ப: உங்கள் காலுக்குப் பொருந்துவது.

கே: அகலமான கால் எனக்கு. டயல் இருப்பதால் ஒரு சைஸ் பெரிதாக...

ப: மூன்றாவது பதிலைப் படியுங்கள். அகலத்துக்கு 102 மி.மீ. லாஸ்ட் (பூட்டின் முன்பாத உள் அகலம்) கேளுங்கள், நீளத்தைத் தொடாதீர்கள்.