மெர்வ் ஏன் மீளவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமர்கண்ட், புகாரா போய்வந்தவர்கள் நிறைய எழுதுகிறார்கள். மெர்வ் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஒரு காலத்தில் அது உலகின் பெருநகரங்களில் ஒன்று என்று படித்தேன். மெர்வ், சமர்கண்ட் இரண்டையும் செங்கிஸ்கானின் படைகளே அழித்தன. சமர்கண்ட் மீண்டது, மெர்வ் ஏன் மீளவில்லை? பட்டுப்பாதை திசைமாறியதுதான் காரணமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பட்டுப்பாதையைச் சற்று ஒதுக்கிவிட்டு ஆற்றிலிருந்து தொடங்குகிறேன். ஆப்கானிஸ்தான் மலைகளில் பிறக்கும் முர்காப், வடக்கே ஓடி இன்றைய துர்க்மெனிஸ்தானுக்குள் நுழைந்து, காராகும் பாலைவன மணலில் வற்றிவிடுகிறது. வற்றுவதற்குமுன் அது பல கிளைகளாக விரியும் நிலத்தில் இருந்தது மெர்வ். நம் வழக்கில் சொன்னால் கடைமடை ஊர். ஈரானின் நிஷாபூரிலிருந்து புகாராவுக்குப் போகும் வணிகர்கள் அமு தரியா ஆற்றை எட்டும்வரை பாலைவனத்தைக் கடக்கவேண்டும். அதற்குமுன் ஒட்டகங்களுக்கு நீரும் தீவனமும் தாராளமாகக் கிடைத்த ஊர் இது. சந்தை அங்கே கூடியது அதனால்தான்.

அந்த நீரை எப்படிக் காத்தார்கள் என்பதை 10ஆம் நூற்றாண்டு அரபுப் புவியியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நகருக்குத் தெற்கே ஆற்றில் அணை, கரை அரிக்காமலிருக்க மரக்கட்டு. தண்ணீருக்கென்றே ஓர் அமீர், அவருக்குக் கீழே 10,000 ஆட்கள், ஒவ்வொருவருக்கும் குறித்த வேலை. நீர்மட்டம் பார்க்க ஓர் அளவுகோல் இருந்தது. அதை வாற்கோதுமைத் தானியமணிகளின் கணக்கில் வாசித்தார்கள். 60 மணி உயர்ந்தால் ஊரே கொண்டாடும். 6 மணியோடு நின்றால் பஞ்சம். ஒரு மணியின் அகலம்வரை கணக்கு வைத்த ஊர் அது!

பழைய பாரசீகத்தை ஆண்ட அகாமனியர் காலத்து எர்க் கலா (கலா என்றால் கோட்டை), அதைச் சூழ்ந்து அலெக்சாந்தருக்குப்பின் வந்த கிரேக்க வம்சமான செலூக்கியர் கட்டிய கியாவுர் கலா, பிறகு மேற்கே வளர்ந்த சுல்தான் கலா என்று நகரம் பக்கத்துப் பக்கத்தில் நகர்ந்தபடியே இருந்தது. மேற்கே போனதற்குக் காரணமும் ஒரு கால்வாய்தான். 8ஆம் நூற்றாண்டில் அப்பாசியரின் தளபதி அபு முஸ்லிம் புதிய மசூதியையும் அரண்மனையையும் மஜான் கால்வாய்க் கரையில் எழுப்பினார். அங்கே வளர்ந்த நகரில்தான் பின்னாளில் புவியியலாளர் யாகூத் தங்கினார். மங்கோலியர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு அங்கே பத்து நூலகங்களைக் கண்டதாகவும், அடமானமின்றியே இரவல் வாங்கிய 200 நூல்கள்வரை தன் வீட்டில் இருந்ததாகவும் அவர் எழுதுகிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

1221இல் செங்கிஸ்கானின் மகன் தொலுய் நகரைப் பிடித்தான். கொல்லப்பட்டோர் 7 லட்சம், 13 லட்சம் என்று பழைய நூல்கள் சொல்லும் எண்களை நான் நம்பவில்லை. படுகொலையின் கோரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஊரின் எதிர்காலத்தைப் பறித்தது அணையும் கரைகளும் உடைந்ததுதான் என்பது என் முடிவு. ஆள் குறைந்த ஊருக்கு மறுபடி ஆள் வருவார்கள். தண்ணீர் நின்ற கடைமடைக்கு யார் வருவார்கள்?

சமர்கண்டும் பழைய இடத்தில் மீளவில்லை என்பதைக் கவனியுங்கள். அஃப்ராசியாப் மேட்டிலிருந்த பழைய நகருக்கு ஈயத்தகடு வேய்ந்த கால்வாய் நீர் கொண்டுவந்தது. 1220க்குப் பின் அது போயிற்று, மேடும் காலியாயிற்று. ஆனால் தெற்கே தாழ்வான நிலத்துக்கு ஸரஃப்ஷான் ஆற்று நீர் எளிதாக எட்டியது. அங்கே நகரம் தொடர்ந்தது, தைமூர் அதைத் தலைநகராக்கினார். மெர்வுக்கு அப்படி மாற்று இடம் இல்லை. அணை இருந்தால்தான் ஊர்.

1409இல் தைமூரின் மகன் ஷாருக் அணையைச் செப்பனிட்டு, பக்கத்தில் சிறிய நகரம் ஒன்றையும் கட்டினார். ஆக, மெர்வும் மீண்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகாராவை ஆண்ட ஷா முராத் அதே அணையை உடைத்து, மக்களையும் புகாராவுக்குப் பிடித்துச் சென்றார். அதன்பின் அந்தப் பழைய நகரம் எழவில்லை. வணிகப்பாதை மாறியது பக்கக் காரணம் மட்டுமே.

போக வாய்த்தால் செல்ஜுக் அரசர் சுல்தான் சஞ்சாரின் கல்லறையோடு திரும்பிவிடாதீர்கள். எர்க் கலாவின் மண் மதில்மேல் ஏறுங்கள். நகரம் நகர்ந்து சென்ற தடம் முழுவதும் அங்கிருந்து தெரியும்.