மேலூர்ப் பாறைகளில் வெள்ளை வரிகள் எப்படி வந்தன?

மேலூர் பக்கத்துப் பாறைகளில் வெள்ளையும் கறுப்புமாக நெளியும் வரிகள், பாறை பாதி உருகிய நிலையில் நசுங்கியதால் வந்தவை என்கிறார்களே, இதை ஆய்வகத்தில் சோதிக்க முடியுமா என்பது கேள்வி.

முடியும். ஆஸ்திரேலியாவின் பாறை ஆய்வாளர் மெர்வின் பேட்டர்சன் வடிவமைத்த கருவி இதற்கென்றே பேர்போனது. விரல்நுனி அளவுப் பாறைத்துண்டை உலோக உறையில் போட்டு, ஆர்கான் வாயுவால் வளிமண்டலத்தைப் போல 3,000 மடங்கு அழுத்தம் தருகிறார்கள். ஆலிவின் என்ற பச்சைநிறக் கனிமத்தின் தூளோடு, எரிமலைக் குழம்பு இறுகி உண்டாகும் பசால்ட் பாறையைக் கொஞ்சம் கலந்த மாதிரி என்றால் சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் பசால்ட் மட்டும் உருகும். அப்புறம் அதை முறுக்கி, சட்டென்று குளிரவைத்து, அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

அழகான விஷயம் இங்கேதான். சீராகப் பரவியிருந்த உருகல், அதாவது உருகிய பாறைக்குழம்பு, முறுக்க முறுக்கத் தானாகவே பட்டைகளாகச் சேர்கிறது. முறுக்கும்போது பாறை ஒன்றன்மேல் ஒன்றாகச் சறுக்கும் தளத்துக்கு ஏறத்தாழ 20 டிகிரி சாய்வில். உருகல் கூடிய இடம் இளகுகிறது, இளகிய இடத்துக்கே இன்னும் உருகல் வருகிறது.

கிரானைட் வகைப் பாறைகள் வலுவிழக்க 20, 30 சதவீதமாவது உருக வேண்டும் என்று முன்பு நினைத்தார்கள். பழைய சோதனை முடிவுகளை 2005-இல் மறுபடி அலசியபோது, சுமார் 7 சதவீதத்திலேயே வலு பெருமளவு சரிவது தெரிந்தது.

ஆனால் ஆய்வகத்தில் சில மணிநேரத்தில் நடப்பது, நிலத்தடியில் பல லட்சம் ஆண்டுகள் எடுக்கும். மேலூரில் எல்லா வெள்ளை வரியும் உருகலால் வந்ததும் அல்ல. வரியின் ஓரத்தில் கறுப்பு மைக்கா (காக்காப்பொன்) அடர்ந்த விளிம்பு இருந்தால், அங்கேயே உருகியிருக்க வாய்ப்பு அதிகம்; முதலில் அதைத் தேடுங்கள்.