ரீமேக் படம் மூலப் படத்திலிருந்து ஏன் மாறுகிறது?

ஒரு படத்தின் கதை உரிமையை வாங்கி, பெரும்பாலும் வேறு மொழியில், புதிதாகப் படமாக்குவதுதான் ரீமேக். குரலை மட்டும் மாற்றினால் அது டப்பிங். பார்ப்பவர்கள் மாறுவதால் கதையும் மாறியாக வேண்டும். ஒருவருக்குத் தைத்த சட்டையை இன்னொருவருக்குப் பிரித்துத் தைப்பது போல.

மலையாள ‘மணிச்சித்திரத்தாழு’வில் (1993) கங்கா தன்னை நாகவல்லி என்ற நாட்டியக்காரியாக நினைத்துத் தமிழில் பேசுவாள். வீட்டுப் பெண் வாயிலிருந்து வேற்று மொழி வருவதுதான் பயமே. தமிழிலும் தமிழே பேசினால் அது போய்விடும். அதனால் ‘சந்திரமுகி’யில் (2005) தெலுங்கு, இந்தி ‘பூல் புலையா’வில் (2007) வங்காளம். மலையாளத்தில் நாயகன் மோகன்லால், படம் கிட்டத்தட்ட பாதி ஓடிய பிறகுதான் வருவார்; தமிழில் அந்த வேடத்தில் நடித்த ரஜினிக்காக ரசிகர்களை அவ்வளவு நேரம் காக்க வைக்க முடியுமா?

‘சந்திரமுகி’ நேரே மலையாளத்திலிருந்து வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள்; ஆனால் அதன் இயக்குநர் பி. வாசு முதலில் கன்னடத்தில் எடுத்த ‘ஆப்தமித்ரா’ (2004) வழியாகத்தான் வந்தது.