கடல்காற்றுக்கு எத்தனை கிராம்? டிஸ்க் கோல்ஃப் கேள்வி-பதில்

டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டையான டிஸ்க்கை எறிந்து, முடிந்தவரை குறைந்த எறிதல்களில் கூடையில் சேர்க்கும் ஆட்டம். கோடை விடுமுறை தொடங்கியதிலிருந்து அதைப் பற்றி எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: இலேசான டிஸ்க் வாங்குவதா, கனமானதா? தனித்தனியாகப் பதில் எழுதியதில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் சிலவற்றைத் தேர்ந்து இங்கே ஒன்றாகப் பதில் தருகிறேன். எல்லாக் கணக்கும் வலது கையால் பேக்ஹேண்ட் (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கம் வீசுவது) எறிபவர்களுக்கானது. இடது கைக்காரர்கள் வலத்தை இடமாக மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

பல வருஷமாக அல்டிமேட் (இரண்டு அணிகள் டிஸ்க்கை வீசிப் பிடித்து ஆடும் ஆட்டம்) ஆடுகிறேன். அங்கே 175 கிராம் டிஸ்க்தான். கோல்ஃப் டிரைவரையும் (தூரமாக எறிவதற்கான டிஸ்க்) 175-லேயே வாங்கினால் பழகிய எடையாக இருக்குமே? (வேளச்சேரி)

எண் ஒன்றுதான், பொருள் வேறு. அல்டிமேட் டிஸ்க் 27 சென்டிமீட்டருக்கும் மேல் அகலம். டிரைவர் 21 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அந்தச் சின்ன வட்டத்துக்குள், அதுவும் பெரும்பகுதி விளிம்பிலேயே, அதே 175 கிராமை அடைத்திருக்கிறார்கள். டிஸ்க் கோல்ஃப் விதிகளை வகுக்கும் பிடிஜிஏ, விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. 21.2 சென்டிமீட்டர் டிரைவருக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள், 176 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். அதாவது 175 கிராம் டிரைவர் என்பது அந்த அளவில் விதி அனுமதிக்கும் ஏறக்குறைய அதிகபட்ச எடை. பழகிய எடை என்று அதில் கை வைக்காதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: மிட்ரேஞ்ச் (நடுத்தூரத்துக்கான டிஸ்க்) 170-க்கு மேல், ஃபேர்வே டிரைவர் (வேகம் குறைந்த டிரைவர்) 160 முதல் 165. வேக எண், அதாவது டிஸ்க்கின் மேல் அச்சிட்ட நான்கு எண்களில் முதலாவது, 6 அல்லது 7 போதும். 12, 13 என்று போட்ட டிஸ்டன்ஸ் டிரைவரை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. அல்டிமேட்காரர்களுக்கு ஃபோர்ஹேண்ட் (பக்கவாட்டிலிருந்து மணிக்கட்டைச் சொடுக்கி எறிவது) ஏற்கெனவே கைவந்திருக்கும், மணிக்கட்டில் சொடுக்கு பலமாக இருக்கும். அந்தச் சொடுக்குக்கு இலேசான டிஸ்க் காற்றிலேயே புரண்டுவிடும். ஃபோர்ஹேண்டுக்கென்று தனியாக ஒன்று வாங்குவதாக இருந்தால் மட்டும் 170-க்கு மேல் போங்கள்.

காலை ஆறரைக்கு நேராகப் போகிற டிரைவர், மாலை நாலு மணிக்குக் கடலைப் பார்த்து எறிந்தால் வலப்பக்கம் சாய்ந்து மணலில் உருண்டு ஓடுகிறது. 154 கிராம். டிஸ்க் வளைந்துவிட்டதா, அல்லது எடை போதவில்லையா? (திருவான்மியூர்)

டிஸ்க்கில் குறையில்லை. சென்னையில் இந்த ஆட்டத்தைப் பழகுகிறவர்கள் எல்லாரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது உங்கள் கேள்விக்குள்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோடையில் விடிகாலையில் காற்று பெரும்பாலும் தரைப்பக்கத்திலிருந்து மெல்ல வரும், அல்லது அசையவே அசையாது. தரை சூடேறிய பிறகு, நண்பகலை ஒட்டிக் கடல்காற்று உள்ளே வரும். நீங்கள் மாலையில் கடலைப் பார்த்து எறியும்போது அது நேர் எதிர்காற்று. டிஸ்க்குக்குத் தரையைப் பற்றித் தெரியாது, தன்மேல் மோதும் காற்றின் வேகம் மட்டுந்தான் தெரியும். எதிர்காற்றில் அந்த வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் டிஸ்க் வலப்பக்கம் சாயும் குணம் கூடும். இதைத்தான் டர்ன் என்கிறோம். எடை குறைந்த டிஸ்க்கில் சுழற்சியின் பிடிப்பும் குறைவு. காற்று லேசாகத் தள்ளினாலே சாய்ந்துகொடுத்துவிடும். காலையில் நேராகப் போன 154 கிராம் மாலையில் உருள்வதற்குக் காரணம் இதுதான்.

உடனே 175 வாங்க ஓடாதீர்கள். முதலில் மாற்ற வேண்டியது எறியும் விதம். தாழ்வாக எறியுங்கள், இடது விளிம்பைச் சற்றுத் தாழ்த்தி ஹைசராக விடுங்கள். காற்று பலமாக இருக்கிறதே என்று பலமாக எறிந்தால் இன்னும் அதிகமாகப் புரளும். அடுத்து டிஸ்க்கின் குணத்தைப் பாருங்கள். மேலே அச்சிட்ட நான்கு எண்களில் மூன்றாவது டர்ன், நான்காவது ஃபேட் (கடைசியில் இடப்பக்கம் சரியும் குணம்). டர்ன் எண் 0, ஃபேட் 3 அல்லது 4 உள்ள டிஸ்க் எதிர்காற்றில் நிற்கும். மைனஸ் 2, மைனஸ் 3 உள்ளது 175 கிராமாக இருந்தாலும் புரளத்தான் செய்யும். எடையை மூன்றாவதாகத்தான் யோசிக்க வேண்டும். ஒரே மாடலில் 154-ம் 172-ம் இருந்தால் கனமானது எதிர்காற்றில் தெளிவாக நேராகப் போகும். ஆனால் வேறு மாடலில் எடையை மட்டும் ஏற்றி நிலைமையைச் சரிசெய்ய முடியாது.

பக்கக்காற்றையும் சொல்லிவிடுகிறேன், கடற்கரையில் ஆடுகிறவர்களுக்கு அதுதான் அதிகம் வாய்க்கும். பெசன்ட் நகர் மணலில் உடைந்த பாலத்தைப் பார்த்து, அதாவது வடக்கே, எறிகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் வலப்பக்கம். கடைசியில் டிஸ்க் இடப்பக்கம் சரியும்போது அதன் அடிப்பாகம் கடலைப் பார்க்கும். கடல்காற்று அந்த அடிப்பாகத்தைப் பிடித்துத் தூக்கிச் சாலைப்பக்கம் கொண்டுபோய்விடும். திரும்பி நின்று தெற்கே எறிந்தால் காற்று மேல்தட்டில் விழுந்து டிஸ்க்கைச் சீக்கிரம் தரையில் அமுக்கும். ஒரு மாலையில் ஒரே 150 கிராம் டிஸ்க்கை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பத்துப் பத்து முறை எறிந்து பார்த்தேன். வடக்கே எறிந்தவை எல்லாம் இடப்பக்கம் பரவிக் கிடந்தன, இரண்டு தள்ளுவண்டிகளுக்குப் பக்கத்திலேயே போய் விழுந்தன. தெற்கே எறிந்தவை பாதித் தூரத்தில் கொத்தாகக் கிடந்தன. அன்றைக்குப் பிறகு மாலையில் வடக்கு நோக்கி இலேசான டிஸ்க்கை எறிவதே இல்லை. அங்கே குழந்தைகள் விளையாடுகிறார்கள். டிரைவரின் விளிம்பு கூர்மையானது, நெற்றியில் பட்டால் தையல் போட வேண்டியிருக்கும்.

உங்கள் 154-ஐத் தூக்கிப் போடாதீர்கள். கடலுக்கு முதுகைக் காட்டி எறிந்தால் அதே காற்று பின்காற்று. பின்காற்றில் டிஸ்க்கின் மேல் மோதும் வேகம் குறைந்து, அது சீக்கிரம் அமுங்கி இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். அங்கே இலேசான டிஸ்க்தான் மிதந்து போகும்.

எடை குறைந்தால் தூரம் கூடும் என்கிறார் நண்பர். கனமானதுதான் உந்திக்கொண்டு போகும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? (அம்பத்தூர்)

இருவரும் ஆளுக்கொரு பாதியைச் சொல்கிறார்கள். இலேசான டிஸ்க் கையை விட்டுப் புறப்படும்போது சற்று வேகமாகப் புறப்படும், ஆனால் காற்றின் தடை அதைச் சீக்கிரம் அடக்கிவிடும். கனமானது சற்று மெதுவாகப் புறப்பட்டாலும் வேகத்தை விட்டுக்கொடுக்காது. இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கும் விசை டிஸ்க்கின் வடிவத்தையும் வேகத்தையும் பொறுத்தது. தூக்க வேண்டிய எடை குறைவு என்றால் குறைந்த வேகத்திலும் அது காற்றில் நிற்கும். அதனால் 60, 70 மீட்டர் எறியும் கைக்கு 150-களில் உள்ள டிஸ்க் நிச்சயமாகக் கூடுதல் தூரம் தரும். 100 மீட்டரைத் தாண்டும் கைக்கு அதே டிஸ்க் புரண்டு தூரத்தைக் குறைக்கும். 2016-ல் டிஸ்க் எறிவீரர் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் நெவாடா பாலைவனத்தில் 338 மீட்டர் எறிந்தார், பலமான பின்காற்றில். அதன் காணொளியைப் பார்த்துவிட்டு டிஸ்க் வாங்கக் கிளம்பாதீர்கள். உங்கள் எறிதலைக் காலடியால் அளந்துவிட்டு வாங்குங்கள்.

மகளுக்கு 11, மகனுக்கு 8. என்ன எடை வாங்கலாம்? (அண்ணா நகர்)

மகனுக்கு 120 முதல் 135, மகளுக்கு 140-ஐ ஒட்டி. ஆனால் எடையை விட விளிம்பின் அகலத்தைப் பாருங்கள். குழந்தையின் கையில் டிஸ்க்கைக் கொடுத்து நான்கு விரலும் உள்விளிம்பைத் தொட்டு மடங்குகிறதா என்று கவனியுங்கள். டிரைவரில் விரல் நுனி மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கும், பிடி கிடைக்காது. பட்டரிலும் (கூடைக்கு அருகிலிருந்து எறிவதற்கான டிஸ்க்) மிட்ரேஞ்சிலும் ஒழுங்காக மடங்கும். ஆளுக்கு ஒரு மிட்ரேஞ்ச் போதும், டிரைவரே வேண்டாம். பெரியவர்களுக்கான 170 கிராமைக் கொடுத்து "போகப் போகப் பழகிடும்" என்று விடும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை டிஸ்க்கை எறிய முடியாமல் உடம்பையே சேர்த்து எறிகிறது, இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வரமாட்டேன் என்கிறது. 8 வயதுப் பையனின் டிஸ்க் 25 மீட்டர் மிதந்து போய் இறங்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள், அடுத்த வாரம் உங்களை அவனே எழுப்புவான்.

எனக்கு 62 வயது. வலது தோளில் வலி வந்து போகிறது. இலேசான டிஸ்க் உதவுமா? (தாம்பரம்)

உதவும், ஐயா. ஆனால் முதலில் மருத்துவரிடம் தோளைக் காட்டிவிடுங்கள். வலியோடு எறியாதீர்கள். அவர் சரி என்றால் 150 முதல் 155-க்குள், வேக எண் 5, 6 உள்ள டிஸ்க். இலேசான டிஸ்க்கில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. கனமில்லை என்பதால் கையாலேயே வெடுக்கென்று இழுத்து எறியத் தோன்றும். அந்த இழுப்புதான் தோளையும் முழங்கையையும் கெடுக்கிறது. டிஸ்க்கை மார்போடு ஒட்டி நேர்கோட்டில் கொண்டுவந்து, இடுப்பு திரும்பிய பிறகு கை பின்தொடரட்டும். முதல் பத்து எறிதலை நின்ற இடத்திலிருந்தே, பாதி வேகத்தில் எறியுங்கள்.

பட்டர் மட்டும் கனமாக இருக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்? எங்கள் மைதானத்தில் சங்கிலிக் கூடையே இல்லை, வேப்ப மரத்தைத்தான் குறி வைக்கிறோம். (நந்தனம்)

பட்டருக்குத் தூரம் வேண்டாம், சொன்ன இடத்துக்குப் போக வேண்டும். பத்து மீட்டரில் மெதுவாகப் போகும் டிஸ்க்கை ஒரு சின்னக் காற்று கூட அரை அடி நகர்த்திவிடும். 173, 174 கிராம் என்றால் அசைவு குறையும். கூடை இருந்தால் இன்னொரு நன்மை, கனமான பட்டர் சங்கிலிக்குள் புகுந்து அடங்கி விழும். இலேசானது சில நேரம் சங்கிலியில் பட்டுத் தெறித்துவிடும்.

மரத்தைக் குறி வைப்பதில் குறையொன்றும் இல்லை. 1970-களில் எட் ஹெட்ரிக் சங்கிலிக் கூடையை உருவாக்கும் முன், அமெரிக்காவிலும் மரத்தையும் கம்பத்தையும் குறி வைத்தே ஆடினார்கள். உங்கள் வேப்ப மரத்துக்கு எந்த எடையும் சரிதான். ஆனால் நாளைக்குக் கூடை வரும்போது கை மாறக்கூடாது என்றால் இப்போதே 170-க்கு மேல் பழகுங்கள். ஒரே மாடல், ஒரே எடையில் இரண்டு வாங்கிப் பயிற்சி செய்வது நல்லது. பட்டரில் மட்டும் நான் ஒரு கிராம் வித்தியாசத்தைக்கூட விடுவதில்லை.

பெங்களூரு போய் ஆடினேன். இங்கே நேராகப் போகும் 172 கிராம் அங்கே எல்லாம் இடப்பக்கமே விழுந்தது. (பெருங்குடி)

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். அங்கே காற்று இங்கிருப்பதைவிட அடர்த்தி குறைவு. தூக்குவதற்கும் சாய்ப்பதற்கும் காற்று போதாததால் டிஸ்க் வலப்பக்கம் சாயாமல் சீக்கிரம் இடப்பக்கம் சரிகிறது. அங்கே போகும்போது அதே மாடலில் 160-ஐ ஒட்டியது ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கொடைக்கானல் என்றால் வித்தியாசம் இன்னும் கூடும். நம் ஊரிலேயே மே மாதச் சூட்டில் இதன் சாயல் கொஞ்சம் தெரியும், சூடான காற்றும் அடர்த்தி குறைந்ததுதான்.

டிஸ்க்கின் பின்னால் 167 என்று எழுதியிருக்கிறது, வீட்டுத் தராசில் 171 காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (மயிலாப்பூர்)

எழுதியதற்கும் நிறுத்ததற்கும் ஒன்றிரண்டு கிராம் வித்தியாசம் இருப்பது சகஜம். நான்கு என்றால் முதலில் டிஸ்க்கைக் கழுவுங்கள். எனக்கும் ஒருமுறை இப்படித்தான் கூடுதலாகக் காட்டியது. கடற்கரையிலிருந்து வந்து அப்படியே தராசில் வைத்திருந்தேன். உள்விளிம்பின் பள்ளத்தில் ஈர மணல் ஒரு வளையமாக ஒட்டிக் காய்ந்திருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் சரியான எடை காட்டியது. விளையாடும்போதும் அதைத் துடைத்துவிட்டுத்தான் எறிய வேண்டும், மணல் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் டிஸ்க் நடுங்கிக்கொண்டே போகும்.

மே மாதம் டிஸ்க்குகளை காரிலேயே வைக்கலாமா? (போரூர்)

வேண்டாம். மூடிய காருக்குள் பிளாஸ்டிக் இளகி வளைந்துவிடும். வளைந்த பிறகு எடையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

குளத்தோரம் ஆடுகிறோம். 150 கிராம் டிஸ்க் தண்ணீரில் மிதக்குமா? (ஆவடி)

இலேசாக இருப்பதால் மட்டும் மிதக்காது. பிளாஸ்டிக்கோடு நுண்ணிய காற்றுக்குமிழிகளைக் கலந்து செய்தவற்றில் எடை மிகக் குறைந்தவையும், மிதப்பதற்கென்றே செய்த சில மாடல்களும்தான் மிதக்கும். சந்தேகம் வேண்டாம், வீட்டில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து டிஸ்க்கைக் குத்தாக அமிழ்த்தி விட்டுப் பாருங்கள். படுக்கையாக வைத்தால் அடியில் காற்று மாட்டிக்கொண்டு மிதப்பது போலக் காட்டும், குளத்தில் விளிம்பு முதலில் இறங்கும்போது அந்தக் காற்று இருக்காது. வாளியில் மூழ்கியதென்றால் அதைக் குளத்துப் பக்கம் எடுத்துப் போகாதீர்கள். எதற்கும் ஒவ்வொரு டிஸ்க்கின் அடியிலும் அழியாத மையில் கைபேசி எண்ணை எழுதி வையுங்கள், யாராவது கரையில் கண்டெடுத்தால் கூப்பிடுவார்கள்.