லயத்து வீடா, துரை பங்களாவா?

கேள்வி: அண்ணனுக்கு வணக்கம். வீட்டிலேயே கறித்தூளும் ஊறுகாயும் செய்து விற்கிறேன். ஃபேஸ்புக்கில் போட இரண்டு நிமிட விளம்பர வீடியோ எடுக்கப் போகிறோம். பழைய துரை பங்களா ஒன்றை நாளுக்கு 900 வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். தம்பியோ, "தோட்டத்தில் மாமா இருக்கும் லயத்து வரிசை வீட்டிலேயே சும்மா எடுக்கலாமே" என்கிறான். எது நல்லது? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, துரை பங்களா குசினியில் உங்கள் பாட்டி சமைத்திருக்கலாம், உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டார். கறித்தூளுக்கு லயம்தான் பொருத்தம். ஆனால் தம்பி சொல்கிற அந்த "சும்மா"தான் இடிக்கிறது.

மாமா குடியிருக்கிறார், சரி. வீடும் நிலமும் தோட்டக் கம்பெனியுடையது. மாமா தலையாட்டினால் போதாது, மானேஜர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், எத்தனை வண்டி, எந்தெந்த இடம் என்று எழுதி ஆபீஸ் கிராணியிடம் கொடுங்கள். அனுமதி வந்ததும் ஒரு நகலை கேட் காவல் ஜாகாவிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். காலை 6.30க்கு கேட் வாசலில் அவரோடு வாதாடிக்கொண்டு நிற்க முடியாது. கோயில் படத்தில் வருவதாக இருந்தால் கோயில் தலைவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். அப்புறம், அத்தை கையிலும் ஒரு தொகை கொடுங்கள். ஒரு நாள் முழுக்க அடுப்படியை உங்களுக்கு விட்டுவிட்டு அவர் பக்கத்து வீட்டில் அல்லவா சமைக்கப் போகிறார்!

எந்தக் கிழமை எடுக்கப் போகிறீர்களோ அதே கிழமையில், அதே நேரத்தில் இடம் பார்க்கப் போங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு நகைக்கடை விளம்பரத்துக்காக ஞாயிற்றுக்கிழமை ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். குயில் கூவுவதைத் தவிர வேறு சத்தமே இல்லை. செவ்வாய்க்கிழமை கேமராவோடு போனால், லயத்துக்கு முன்னால் பத்து நிமிடத்துக்கு ஒரு செம்பனைக் குலை லாரி. லாரி ஓய்ந்தால் புல் வெட்டும் மிஷின். கடைசியில் வசனம் முழுவதையும் ஸ்டூடியோவில் மறுபடி பேச வைத்தோம். அந்தப் பெண்ணின் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். கடை முதலாளி இன்றைக்கும் என்னைக் கண்டால் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துக் காட்டுகிறார்.

போனதும் குசினியில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். பக்கத்து வீட்டு டிவி, சேவல், பிரிட்ஜ் உறுமல் எல்லாம் அப்போதுதான் காதில் விழும். பிறகு வெளிச்சம். நம் பக்கம் சூரியன் எழவே ஏழு மணி ஆகிவிடுகிறது. ஜன்னல் கிழக்கே பார்த்திருந்தால், எட்டிலிருந்து பத்து வரை அம்மிக்கல் மேல் சாய்ந்து விழுகிற வெயில் போதும். மிளகாய்த்தூள் தணல் மாதிரி தெரியும். அதே தூளைச் செம்பனை மரத்தடிக்குக் கொண்டுபோனால் மட்டைப் பச்சை படிந்து சேற்று நிறத்துக்கு வந்துவிடும். மரங்களுக்கு நடுவே எடுக்க ஆசைப்படுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பேசுகிற காட்சிகளை மதியத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அக்டோபர், நவம்பர் என்றால் பிற்பகல் மழையை எதிர்பார்த்தே போங்கள். தகரக் கூரையில் மழை கொட்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

கரண்ட் விஷயம். 13 ஆம்பியர் பிளக்கில் கணக்குப்படி 3,000 வாட்ஸ் வரை இழுக்கலாம். பழைய லயத்து வயரிங்கில் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். எல்இடி விளக்கு இரண்டு மூன்று தாங்கும். மேக்கப் போடுகிறவர் முடி காய வைக்கும் மிஷினைப் போடுவார், அதே நேரம் யாராவது கோப்பிக்குத் தண்ணீர் சுட வைப்பார், அவ்வளவுதான், வீடே இருட்டு.

இல்லை, பங்களாதான் வேண்டும் என்றால், அந்த 900 வெள்ளி எத்தனை மணி நேரத்துக்கு என்று முதலில் கேளுங்கள். சாமான் இறக்கி ஏற்றும் நேரமும் அதில் சேர்த்தியா, நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். எடுத்த படத்தைக் கால வரம்பில்லாமல் இணையத்திலும் டிவியிலும் போடலாம் என்ற ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால், உங்கள் கறித்தூள் நன்றாக விற்கத் தொடங்கும் வருடம் பார்த்து வீட்டுக்காரர் மறுபடி பணம் கேட்டு வருவார். படம் எடுக்கும் கம்பெனிக்கு தேசிய திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸின் உரிமம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் டியூஷன் சென்டர் வீடியோவுக்காக மகன் ட்ரோன் விட ஆசைப்படுகிறான். தோட்டத்துக்கு மேலே பறந்தால் யாருக்கு என்ன தொந்தரவு? – வாசகர், கோலகங்சார்

பதில்: ஆகாயத்துக்கும் ஆபீஸ் உண்டு ஐயா. மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டும். கீழே தோட்ட நிர்வாகமும் சம்மதிக்க வேண்டும். லயத்துக்கு மேல் தாழப் பறந்தால், கொடியில் துணி காயப்போடும் பெண்கள் இந்த இரண்டு பேருக்கும் முன்னால் உங்கள் மகனைத் தேடி வந்துவிடுவார்கள். பிள்ளைகள் மேசையில் குனிந்து கணக்குப் போடுவதை எடுங்கள், பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு.