கேளுங்க டீச்சர்: வகுப்பிலே கோடீஸ்வரன் ஆடலாமா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொலைக்காட்சிப் போட்டிகளை வகுப்பறைக்குள் கொண்டுவருவது பற்றியவை.

கேள்வி: டீச்சர், நான் தோட்டப் பள்ளி ஒன்றில் ஆண்டு 4-க்குத் தமிழ் எடுக்கிறேன். மரபுத்தொடர் பாடம் என்றாலே பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள். சரி என்று போன வாரம் 'கோடீஸ்வரன்' மாதிரி ஒரு போட்டி நடத்தினேன். கைதட்டல், மேசைத் தட்டல், ஒரே அமர்க்களம். மறுநாள் கேட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் நாலு பேருக்குத்தான் நினைவிருக்கிறது. எங்கே கோளாறு?
– இளம் ஆசிரியை, பீடோங்

பதில்: கோளாறு உங்களிடம் இல்லை தங்கச்சி, ஆட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. 1998-இல் பிரிட்டனில் தொடங்கியது அந்த நிகழ்ச்சி. 2000-இல் சரத்குமார் அதைத் தமிழில் நடத்தினார். நாற்காலியில் ஒருவர், எதிரே 15 கேள்விகள். அவர் வியர்க்க வியர்க்க யோசிப்பார், மற்றவர்கள் பார்ப்பார்கள். அந்த இசை, 'உறுதியா?' என்ற இழுத்தடிப்பு எல்லாமே வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்காக. வகுப்பில் பார்க்கிறவர் என்று ஒருவர்கூட இருக்கக் கூடாது. உங்கள் போட்டியில் நாலு பேர் ஆடினார்கள், நாலு பேருக்குத்தான் நினைவிருக்கிறது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

நாற்காலியை எடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு ஏ4 தாளை லாமினேட் செய்து கொடுங்கள், கூடவே அழிக்கக்கூடிய ஒரு மார்க்கர். கேள்வி கேட்டதும் எல்லோரும் எழுத வேண்டும். நீங்கள் 'காட்டு' என்றதும் எல்லாத் தாளும் ஒரே நேரத்தில் மேலே வர வேண்டும். யாருக்குத் தெரிகிறது, யார் பக்கத்தில் எட்டிப் பார்க்கிறான் என்பதெல்லாம் ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

மணி அடிப்பவருக்கு முதல் வாய்ப்பு என்ற விதியையும் தூக்கிப் போடுங்கள். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களிலேயே கண்டு சொன்னவர் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளமாகவும் யோசித்ததாகவும் வருகின்றன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள் என்றார். மணி வைத்தால் அந்த ஒரு விநாடியும் போச்சு.

மூன்று உதவிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அவை நல்ல சரக்கு. ஐம்பதுக்கு ஐம்பது கேட்கிற பிள்ளை, மற்ற இரண்டு விடைகள் ஏன் தவறு என்று சொன்னால்தான் அவை நீங்கும். பார்வையாளர் உதவிக்கு எல்லாத் தாளும் மேலே வரும். நண்பருக்குத் தொலைபேசி என்பதைப் பாட்டிக்கு மாற்றிவிடுங்கள். தெரியாத மரபுத்தொடரை வீட்டில் கேட்டு, பாட்டி அதை எங்கே எப்படிச் சொல்வார் என்று மறுநாள் ஒரு வாக்கியத்தோடு வரவேண்டும். தோட்டத்துப் பாட்டிகளிடம் 'கடுக்காய் கொடுத்தான்' என்பதற்குப் பாடநூலில் இல்லாத கதையெல்லாம் கிடைக்கும். சில கதைகளை வகுப்பில் சொல்ல முடியாது, அது வேறு விஷயம்.

ஆனால் மரபுத்தொடருக்கு நான் முதலில் கையில் எடுப்பது மௌன நடிப்புதான். ஒருவர் பேசாமல் நடிக்க, மற்றவர்கள் தாளில் எழுத வேண்டும். என் வகுப்பில் 'கம்பி நீட்டுதல்' வந்தபோது ஒரு பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்து முகம் சிவக்க இழுத்தான். ஒருவருக்கும் புரியவில்லை. அடுத்து வந்தவன் மேசையில் கிடந்த என் பேனாவை எடுத்துப் பையில் போட்டான், இரண்டு பக்கமும் பார்த்தான், வாசல் வழியாக ஓட்டம் பிடித்தான். திடல் வரைக்கும் போய்விட்டான். 'கம்பி நீட்டிட்டான் டீச்சர்!' என்று வகுப்பே கத்தியது. அந்தச் சொல் எங்கே பொருந்தும் என்று அதற்கு மேல் நான் விளக்க என்ன இருக்கிறது? முதல் பையன் சொல்லை நடித்தான், இரண்டாமவன் பொருளை நடித்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மரபுத்தொடர் பாடமே.

கேள்வி: பட்டணத்துப் பள்ளிகளில் கஹூட் என்ற இணைய வினாடி வினா போடுகிறார்கள். எங்கள் பள்ளியில் இணையம் வரும், போகும். பிள்ளைகளிடம் கைப்பேசியும் இல்லை. நாங்கள் பின்தங்கிவிட்டோமா?
– ஓர் ஆசிரியர், சுங்கைப்பட்டாணி

பதில்: இல்லை தம்பி. 2013-இல் நார்வேயிலிருந்து வந்த கஹூட் கலகலப்பானதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது வேகத்துக்குப் புள்ளி கொடுக்கிறது. சரியான விடையைச் சற்றுத் தாமதமாகத் தொட்டவனுக்குப் புள்ளி குறையும். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை, கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் தோற்றுவிடும். இன்னொன்று, அதில் பெரும்பாலும் நாலு விடையில் ஒன்றைத் தொடுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசினானா?

ஒரே ஒரு கைப்பேசி போதும் என்றால் பிளிக்கர்ஸ் பாருங்கள். பிள்ளை கையில் அச்சிட்ட அட்டை இருக்கும். அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறானோ அதுதான் விடை. உங்கள் கைப்பேசிக் கேமரா அத்தனை அட்டைகளையும் படித்துவிடும்.

இணையமே வேண்டாம் என்றால் என் விருப்பம் ஜெப்பர்டி. 1964-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. அதில் விடையைக் கொடுத்துவிடுவார்கள், ஆடுகிறவர் கேள்வியைச் சொல்ல வேண்டும். வினாச்சொல் பாடத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. கரும்பலகையில் 'கடாரம்' என்று எழுதுங்கள். 'கெடாவின் பழைய தமிழ்ப் பெயர் என்ன?' என்பான் ஒருவன். 'ராஜேந்திர சோழன் எந்த நாட்டின் மீது படையெடுத்தான்?' என்பாள் இன்னொருத்தி. இரண்டும் சரி. 'மெர்போக்கில்' என்று போட்டால் 'பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் எங்கே இருக்கிறது?' என்று வர வேண்டும். 'எது இருக்கிறது' என்று சொன்னால் பாதிப் புள்ளிதான். வேற்றுமை உருபைக் கவனித்தால்தான் கேள்வியே பிறக்கும்.

கேள்வி: என் மகன் வீட்டுக்கு வந்தால் 'இன்னிக்கு தமிழ் டீச்சர் கேம் வெச்சாங்க' என்கிறான். எழுத்து வேலை குறைந்திருக்கிறது. இப்படியே விளையாடிக்கொண்டிருந்தால் படிவம் 1-க்குப் போய் என்ன செய்வான்?
– கவலைப்படும் அம்மா, குரூண்

பதில்: நியாயமான கவலை அம்மா. விளையாட்டு பாடத்தை நடத்தாது. நடத்திய பாடத்தைத் தலைக்குள்ளிருந்து வெளியே இழுக்கும், அதுதான் அதன் வேலை. அந்த வேலை சாதாரணமானதல்ல. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு சாரார் படித்த பகுதியை மறுபடி படித்தார்கள். இன்னொரு சாரார் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் கொஞ்சம் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 56 விழுக்காடு நினைவிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42. ஆக, பாடத்தைப் பத்துத் தரம் வாசிக்க வைப்பதைவிட ஒரு கேள்வி கேட்டு யோசிக்க வைப்பது மேல்.

ஆண்டு 6-இல் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் கேட்டல், பேச்சும் உண்டு. குறிப்பேட்டைத் திருத்திப் பேச்சை அளக்க முடியாது. அதற்கு ஆட்டம் நடக்கும்போது கவனிக்கிற ஆசிரியர் வேண்டும்.

ஆனாலும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். ஆடி முடிந்த பிறகு ஏதாவது எழுதினார்களா? ஆட்டத்தில் வந்த சொற்களில் ஐந்தை வைத்து ஒரு பத்தி என்று கொடுத்தால் சரி. ஒன்றுமே இல்லை என்றால் ஆசிரியையிடம் மெதுவாகப் பேசுங்கள், சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: வெற்றி பெற்றவருக்கு என்ன பரிசு கொடுக்கலாம்? மிட்டாயா, காசா?

பதில்: ஒன்றும் வேண்டாம். 1973-இல் அமெரிக்கப் பாலர் பள்ளி ஒன்றில் ஓர் ஆய்வு நடந்தது. படம் வரைந்தால் பரிசு என்று சொல்லி வரைய வைத்த குழந்தைகள், பிறகு தாமாக வரைவது குறைந்துபோனது. மிட்டாய்க்காகத் தமிழ் பேசினால் மிட்டாய் தீர்ந்ததும் தமிழும் தீரும். புள்ளி எழுதுவதாக இருந்தால் வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே எண்ணாக எழுதுங்கள். போன வார எண்ணை இந்த வாரம் முறியடிக்கட்டும்.

கேள்வி: கோயில் மண்டபத்தில் ஞாயிறு தோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். பாதிப் பேர் மலாய்மொழித் தேசியப் பள்ளிப் பிள்ளைகள், தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. மீதிப் பேர் தமிழ்ப்பள்ளி. ஒரே ஆட்டத்தில் இரண்டு தரப்பையும் சேர்க்க முடியுமா?
– கோயில் இளைஞர் பகுதி, பீடோங்

பதில்: எழுத்து தேவைப்படாத ஆட்டமாக எடுங்கள். பி.எச். அப்துல் ஹமீத் இலங்கை வானொலியில் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' உங்கள் அப்பா அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். பாட்டுக்குப் பதிலாகச் சொல் வையுங்கள். ஒருவர் சொல்லும் சொல் எந்த எழுத்தில் முடிகிறதோ அதில் அடுத்தவர் தொடங்க வேண்டும், மெய்யில் முடிந்தால் அதன் உயிர்மெய் எதிலும் தொடங்கலாம். மரம் என்றால் மயில், மீன், முறுக்கு எல்லாம் வரலாம்.

சீக்கிரமே ஒருவன் 'வீடு' என்பான். டு-வில் தொடங்கும் சொல் எது? எங்கள் ஊரில் யோசிக்கவே மாட்டார்கள், 'டுரியான்!' என்று கத்துவார்கள். அப்போது தகராறு வரும், வரட்டும். அவள், பெண் என்று முடிகிறவற்றுக்கும் திணறுவார்கள். ட, ண, ள, ழ, ற, ன ஆகியவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதை இலக்கண நூலைத் திறக்காமலே கண்டுபிடித்துவிடுவார்கள். டுரியானுக்கு நான் ஒரு புள்ளி கொடுப்பேன். தமிழ்ச் சொல் தொடங்காது என்று காரணத்தோடு சொல்பவருக்கு இரண்டு. பண்டிதர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய ஃபேமிலி ஃபியூட். 100 பேரிடம் ஒரு கேள்வி கேட்டு, அதிகம் பேர் சொன்ன பதில்களைக் குடும்பங்கள் ஊகிக்கும். உங்களுக்கு 100 பேர் வேண்டாம், கோயிலுக்கு வருகிறவர்கள் போதும். கேள்வி: 'பால்மரக் காட்டுக்குப் போகும்போது கையில் என்ன கொண்டுபோவீர்கள்?' இப்போது சுற்றிலும் செம்பனைதான், பிள்ளைகளுக்கு ரப்பர் மரத்துப் பால்வெட்டே தெரியாது. தேசியப் பள்ளிப் பிள்ளையும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையும் ஜோடியாகப் போய்க் கேட்கட்டும். பேசுவது ஒருவர், எழுதுவது ஒருவர். வாளி, கத்தி, கொசுவத்தி என்று வரும். மங்கு என்றால் என்ன, கோட்டுப்பாலை எதில் போடுவது, பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று பிள்ளைகள் கிளைக் கேள்வி கேட்கத் தொடங்கினால் போட்டி நடத்தவே நேரம் இருக்காது. பரவாயில்லை, போட்டியை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ழகரம் வராத பிள்ளைகளுக்கு ஏதாவது ஆட்டம்?

பதில்: முதலில் காதுக்கு. ஒலி, ஒளி, ஒழி மூன்றையும் மூன்று சுவரில் ஒட்டுங்கள். நீங்கள் வாயை மறைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்லுங்கள், பிள்ளைகள் அந்தச் சுவருக்கு ஓட வேண்டும். காது பிரித்துக் கேட்ட பிறகு ஒரு பிள்ளை சொல்லட்டும், வகுப்பு ஓடட்டும். பாதிப் பேர் தவறான சுவருக்கு ஓடினால் சொன்னவனே நாக்கைத் திருத்திக்கொள்வான். நீங்கள் திட்ட வேண்டியதில்லை.

கேள்வி: எல்லாம் சரி டீச்சர், பக்கத்து வகுப்பு ஆசிரியர் சத்தம் தாங்கவில்லை என்கிறார்.

பதில்: பலகைச் சுவர் என்றால் அவர் சொல்வதும் சரிதான். அவர் கணக்குப் பாடம் எடுக்கிற நேரத்தில் மௌன நடிப்பையும் எழுதிக் காட்டும் ஆட்டத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு ஓடுவதைத் திடலில் வைத்தால் சுவருக்குப் பதில் மூன்று மரம். மழைக்காலத்தில் அதற்கும் வழியில்லை என்றால், அவர் உடற்கல்விக்குப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகிற நாள் எது என்று நேர அட்டவணையில் பார்த்துவிடுங்கள்.