லுமும்பாவின் குரலும் அவருடைய பகைவர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காங்கோவின் முதல் பிரதமர் பாட்ரிஸ் லுமும்பாவைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்தேன். 1960 ஜூன் 30 அன்று, காங்கோவின் விடுதலை விழாவில், பெல்ஜிய மன்னரை வைத்துக்கொண்டே அவர் ஆற்றிய கடுமையான உரைதான் அவருடைய உயிருக்கு உலை வைத்தது என்று நினைக்கிறேன். சற்று அடக்கிப் பேசியிருந்தால் பிழைத்திருப்பார் அல்லவா? மக்களைக் கவரும் தலைவர்கள் ஏன் இவ்வளவு வலிய பகைவர்களைத் தேடிக்கொள்கிறார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த உரை மன்னரைப் புண்படுத்தியது உண்மை. காங்கோவைத் தம் சொந்த உடைமையாக ஆண்ட முந்தைய பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் பணியை மன்னர் புகழ்ந்து பேசிய பிறகு, நிகழ்ச்சி நிரலில் பெயர் இல்லாத லுமும்பா எழுந்து, தம் மக்கள் பட்ட அடிகளையும் அவமதிப்புகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆனால் ஜூலை 11 அன்று கட்டாங்கா மாகாணம் பிரிந்து சென்றதற்குக் காரணம் அந்த உரை அல்ல. அங்கிருந்த தாமிரச் சுரங்கங்களும், அவற்றைக் கையில் வைத்திருந்த யூனியன் மினியேர் என்ற பெல்ஜியச் சுரங்க நிறுவனமும்தான். அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் அந்தப் பிரிவினை நடந்திருக்கும் என்பதே என் எண்ணம்.

அவரிடம் என்ன வலிமை இருந்தது என்று பாருங்கள். நாடாளுமன்றத்தின் 137 இடங்களில் அவருடைய கட்சி வென்றவை 33 மட்டுமே. பெல்ஜிய அதிகாரிகளின் கீழ் இருந்த இராணுவம் விடுதலை பெற்ற சில நாட்களிலேயே கலகம் செய்தது. கருவூலத்தை நிரப்பிவந்த மாகாணமோ பிரிந்து போய்விட்டது. மற்றத் தலைவர்களில் பலர் தத்தம் இனக்குழுவையும் வட்டாரத்தையும் நம்பியிருந்தபோது, மாகாண எல்லைகளைக் கடந்து மக்களை இணங்கவைக்கும் பேச்சாற்றல் இவரிடம் இருந்தது. அதை விலைக்கு வாங்க முடியாது, பங்கு போட்டுக்கொள்ளவும் முடியாது. பகைவர்கள் அஞ்சியது இதற்குத்தான் என்பதை அவர்களுடைய செயல்களே காட்டுகின்றன. செப்டம்பர் 5 அன்று குடியரசுத் தலைவர் காசவுபு அவரைப் பதவிநீக்கியதும், ஐ.நா. அதிகாரிகள் விமான நிலையங்களை மூடியதோடு தலைநகரின் வானொலி நிலையத்தையும் மூடினார்கள். காசவுபுவுக்கோ காங்கோ ஆற்றின் மறுகரையில், அண்டை நாட்டின் பிராசவில் வானொலி இருந்தது. நாடாளுமன்றம் லுமும்பாவின் பக்கம் நின்றும் பயனில்லை. அந்த மாதத்திலேயே அமெரிக்க உளவுத்துறை அவரைக் கொல்ல நஞ்சு அனுப்பியதை 1975இல் அமெரிக்க செனட் குழுவே வெளிப்படுத்தியது. 1961 ஜனவரியில், லுமும்பா சிறைவைக்கப்பட்டிருந்த திஸ்வில் இராணுவ முகாமில் காவல் இருந்த படைவீரர்கள் கலகம் செய்தபோது, அவர்களே அவரை விடுவித்துவிடுவார்கள் என்ற அச்சம் எழுந்தது. 17ஆம் தேதி அவரைக் கட்டாங்காவுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். அன்றிரவே பெல்ஜிய அதிகாரிகளின் முன்னிலையில் அவரும், ம்போலோ, ஒகிட்டோ என்ற இரு தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இதனால் அவர் பிழையற்றவர் ஆகிவிடமாட்டார். ஆகஸ்டில், பிரிந்து சென்றிருந்த மற்றொரு பகுதியான தெற்குக் கசாய்க்கு அவர் அனுப்பிய படை அங்கே பொதுமக்களைக் கொன்று குவித்தது. அந்தப் பழியிலிருந்து அவரை விடுவிக்க நான் விரும்பவில்லை. அந்தப் படையெடுப்புக்குச் சோவியத் விமானங்களைப் பெற்றதும், அவரை வீழ்த்தக் காத்திருந்தவர்களுக்கு வசதியான காரணமாயிற்று.

தேடிக்கொண்டார் என்று நீங்கள் எழுதியிருப்பது ஓரிடத்தில் மட்டும் பொருந்தும். செப்டம்பர் 14 அன்று இராணுவத்தின் பெயரால் அதிகாரத்தைக் கைப்பற்றிய மொபுட்டு, லுமும்பாவின் நம்பிக்கைக்குரிய உதவியாளராக இருந்தவர். இராணுவத்தின் உயர் பொறுப்பை அவருக்குக் கொடுத்ததும் லுமும்பாதான். பிரஸ்ஸல்ஸும் வாஷிங்டனும் ஏற்கெனவே பகைமை கொண்டிருந்தன. ஆனால் தலைநகரிலேயே படையோடு இருந்த ஒருவர் துணை இல்லாமல் அவற்றால் இந்தக் காரியத்தை முடித்திருக்க இயலாது. அதே மொபுட்டுதான் 1966இல் லுமும்பாவைத் தேசிய வீரர் என்று அறிவித்தார். கொல்லப்பட்டவரின் செல்வாக்கு அப்போதும் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.